ஆர்டிஸ் சொன்ன மூன்றாவது வேண்டாம்

"தரை இன்னும் தூங்குது. இதுங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த அவசரம்?"

மார்ச் கடைசியில் கூரைப் பனி சொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து மே முடிகிறவரை, ஆர்டிஸ் ஹோல்ம்பெர்க் தினமும் காலையில் இதைச் சொல்வாள். காபியை ஊற்றிக்கொண்டே, சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துச் சொல்வாள். 'இதுங்க' என்றால் நோர்லண்ட் ஊர் முழுக்க. அவள் புருஷன் வெர்லின் எதிரே உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டு, "இருக்கலாம்" என்பார். இந்த ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேரேயும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இருக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். நாற்பத்துநாலு வருஷக் கல்யாணத்தில் அவள் எத்தனை 'இருக்கலாம்' கேட்டிருப்பாள் என்று அந்த மேசையைக் கேட்டால்தான் தெரியும்.

ஆர்டிஸ் அப்படியில்லை. பட்டென்று சொல்லிவிடுவாள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்தவள். இருநூறு பிள்ளைகளுக்குக் கரண்டியால் பரிமாறிப் பழகிய வாய் அது. குழம்பு தண்ணியாக இருந்தால் தண்ணி என்றுதான் சொல்லும். உள்ளூரில் பாதிப் பேருக்கு, அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவள்தான் உருளைக்கிழங்கு மசியல் வைத்திருக்கிறாள், அந்தப் பாதிப் பேரும் இன்றைக்கும் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் அவள் பேச்சை மட்டும் கேட்பதில்லை.

நோர்லண்டில் பனி அக்டோபரில் விழும். ஏப்ரலில் போகிற மாதிரி போக்குக் காட்டும். மே மாதம் அன்னையர் தினத்தன்று திரும்பி வந்து வாசலில் நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தால் போதும், ஊரே கொட்டகையைத் திறந்து சருகுவாரியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடும். ஆறு மாதம் வீட்டுக்குள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அடைந்து கிடந்த ஜனம். அதையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஊராட்சியின் சருகு லாரி வருஷத்தில் ஒரே ஒரு தரம், ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமைதான் வரும். அதற்குள் சருகையும் குச்சியையும் காகிதப் பையில் கட்டித் தெருவோரம் வைக்க வேண்டும். தவறவிட்டால் அந்தக் குப்பை உங்களோடுதான். அந்தத் தேதியை வைத்தவர்கள் காலண்டரைப் பார்த்து வைத்தார்களே தவிர, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து வைக்கவில்லை.

ஆர்டிஸ் எடுத்துப் பார்ப்பாள். காலணியோடு புல்லில் ஒரு அடி வைப்பாள். தடம் தண்ணீரோடு நிற்கும். மண்ணைப் பிடித்து அழுத்துவாள். களி மாதிரி விரலில் ஒட்டும். "இன்னும் இல்ல" என்று கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். புல்லை முதல் தரம் வெட்ட வேண்டி வருகிறபோதுதான் சருகில் கை வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அது மே கடைசி வாரம். அதுவரை அவள் தோட்டம் போன வருஷத்துச் சருகோடும், பூச்செடிகளின் காய்ந்த தண்டுகளோடும், தலை சீவாத கிழவி மாதிரி நிற்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழித்துவிட்ட மாதிரி தோட்டங்கள். நடுவில் இது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "இந்த வருஷம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு உங்க தோட்டம்" என்பார்கள். அதைவிடத் திட்டிவிட்டே போகலாம்.

அவளும் ஒரு காலத்தில் எல்லாரையும் போலத்தான் செய்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் நடுவில் ஒரு நல்ல வெயில் நாள், ஆப்பிள் மரத்தடியில் சருகை வாரிக்கொண்டிருந்தாள். சருகுவாரியின் பல்லில் ஈர மண்ணோடு ஏதோ உருண்டையாக வந்தது. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு காட்டுத்தேனீ. மேலெல்லாம் ரோமம். ஒரு கால் மட்டும் மெதுவாக அசைந்தது. ஆர்டிஸ் அதைத் தட்டிவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். அந்த மே மாதம் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்தன. குளிர் விடவில்லை. காலையிலும் மாலையிலும் போய் மரத்தடியில் நின்றாள். பூவில் ஒரு ரீங்காரம் இல்லை. பெட்டியில் வளர்க்கிற தேனீ அந்தக் குளிரில் வெளியே தலை காட்டாது. குளிரில் பறக்கிறது காட்டுத்தேனீயின் இந்தக் குண்டு ராணிகள் மட்டும்தான். அதுகள் சருகுக்கு அடியில், மண்ணில் குழி பறித்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். சின்னத் தேனீகள் காய்ந்த தண்டுக்குள் தூங்கும். எல்லாரையும் சேர்த்து அள்ளி அவளே பையில் கட்டி லாரியில் ஏற்றியிருந்தாள். முப்பது ஜாடி ஆப்பிள் மசியல் வைக்கிற வீட்டில் அந்த வருஷம் நாலு ஜாடி. புத்தகம் படித்து அவள் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. நிலவறை அலமாரி சொல்லிக்கொடுத்தது.

மரங்கள் மூன்று. இரண்டு முந்திப் பூக்கும், குளிரிலேயே பூத்துவிடும். ஒன்று இரண்டு வாரம் பிந்தி, வெயில் வந்த பிறகு பூக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷமும் போன வருஷமும் பூக்கிற நேரத்தில் உறைபனி விழுந்து மூன்றுமே காய்க்கவில்லை. வெர்லின் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பளைக்கு ஒரு படகு இருக்கும், படகுக்கு ஒரு கொட்டகை வேண்டும், கொட்டகைக்கு மரங்கள் நிற்கிற இடம்தான் தோது. போன குளிர்காலத்தில் மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"இந்த வருஷமும் காய்க்கலன்னா வெட்டிரலாம் ஆர்டிஸ். எது காய்க்கலையோ அது."

"காய்ச்சா?"

"காய்ச்சா நிக்கட்டும்."

அவர் இருக்கலாம் என்று சொல்லவில்லை. அப்படியானால் நிஜமாகவே சொல்கிறார்.

மார்ச்சில், சமையலறைக் கழிவைக் கொட்டப் போனவள் பின்வாசல் படியில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். ஊருக்கு அது போதும். கை ஒடிந்த பொம்பளையையும் குப்பையாய்க் கிடக்கிற அவள் தோட்டத்தையும் பார்த்துவிட்டு லவோனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்.

லவோன் பக்கத்து வீடு. தேவாலயப் பெண்கள் குழுவுக்குத் தலைவி. தங்கமான மனுஷி. அதுதான் அவளோடு உள்ள தொல்லை. கெட்டவளாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும், காபியோ கேக்கோ காரில் ஏறிக்கொள்ளச் சொல்வதோ, முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, அவ்வளவு சொல்றீங்க, கொஞ்சமா" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கே சரி என்றால் அலைகிறவள் என்று பேர். மூன்றாவதுக்கும் வேண்டாம் என்றால் திமிர் பிடித்தவள் என்று பேர். ஆர்டிஸே இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். கேக் விஷயத்தில் அவளும் இரண்டு தரம் வேண்டாம் சொல்லிவிட்டு மூன்றாம் தரம் தட்டை நீட்டுகிறவள்தான்.

முதல் தடவை லவோன் கேட்டது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது. நாங்கள் பத்துப் பேர் வந்து லாரி வருவதற்குள் உன் தோட்டத்தைச் சுத்தம் பண்ணித் தந்துவிடுகிறோம் என்றாள். வேண்டாம் என்றாள் ஆர்டிஸ். காரணத்தையும் சொன்னாள், ராணிகளைப் பற்றி, தண்டுகளைப் பற்றி. லவோன் அழகாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அடுத்தவர்களை வேலை வாங்க மனசில்லாதவர்கள் ஏதாவது காரணம் சொல்வது சகஜம்தானே.

இரண்டாவது, போனில். வேண்டாம்.

மூன்றாவது, லவோன் நேரிலேயே வந்தாள். மாட்டுக்கறிக் கொத்தும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் ஒன்று, மேலே துணி மூடி. அதை ஆர்டிஸ் முறைப்படி இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் வாங்கி அடுப்படியில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினால் லவோன் போகவில்லை.

"அப்ப தோட்டத்தையும் முடிச்சுக் குடுத்துர்றோம், என்ன?"

"வேணாம் லவோன். நெசமாவே வேணாம்."

"ஒரு கையை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

ஆர்டிஸுக்கு மணிக்கட்டு குத்தியது. கறி வாசனை வேறு பசியைக் கிளப்பியது. இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. அங்கேதான் வாயை விட்டாள்.

"அவ்வளவு செய்யணும்னா, மே கடைசியில வந்து செய்யுங்க."

லவோனின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் காதில் விழுந்தது 'வந்து செய்யுங்க' மட்டும்தான். மூன்றாம் தடவை வந்த சம்மதம். மே கடைசி என்றது, நீங்கள் ஒன்றும் அவசரப்பட வேண்டாம் என்கிற அடக்கம். இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். இதைத்தான் ஆர்டிஸால் பிற்பாடு பொறுக்க முடியவில்லை. லவோன்மேல் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை வெயில் அடித்தது. கையில்லாத சட்டையோடு வெளியே நிற்கலாம், அப்படி ஒரு நாள். அன்றைக்குத்தான் ஆர்டிஸைக் கட்டுப் போட்ட கையைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவு. வெர்லின் வண்டி ஓட்டினார். வழி நெடுக வீட்டுக்கு வீடு சருகுவாரி ஆடிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வழக்கமான பல்லவியைப் பாடினாள். வெர்லின் அன்றைக்கு இருக்கலாம்கூடச் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாடியே தெரியும். லவோன் அவரிடம் சொல்லிவைத்திருந்தாள், ஆர்டிஸுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

திரும்பி வந்தபோது வாசலில் பதினாலு பேர். மடக்கு மேசை, பெரிய காபிக் குடம், தட்டு நிறையச் சதுரமாக வெட்டிய இனிப்புகள். தோட்டம் மொட்டையாக இருந்தது. தண்டு ஒன்றுகூட மிச்சமில்லை, தரையோடு தரையாக அறுத்திருந்தார்கள். மரத்தடியில் கறுப்பு மண் சீப்பு போட்டு வாரின மாதிரி வரிவரியாகக் கிடந்தது. தெருவோரம் இருபத்தாறு பைகள், பட்டாளம் மாதிரி வரிசையாக.

ஆர்டிஸ் காரிலிருந்து இறங்கி நின்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவள் அந்தப் பதினாலு பேர் வீட்டிலும் ஒவ்வொரு சாவுக்கும் பிரசவத்துக்கும் சமைத்துக் கொடுத்தவள். அவர்கள் கையில் கொப்புளத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நான் வேணாம்னுதான சொன்னேன்?"

காபிக் குடம் உஸ் என்றது.

"நீதான வந்து செய்யச் சொன்ன" என்றாள் லவோன்.

"மே கடைசின்னேன் லவோன். இது ஏப்ரல். நான் என்ன அடக்கத்துக்கா மாசத்தைச் சொன்னேன்? மூணு தடவை வேணாம்னு சொன்னா மனுஷி வேணாம்னுதான் சொல்றா. இன்னும் நான் எத்தனை தடவை சொல்லணும்? பத்தா?"

லவோன் கைகளை ஏப்ரனில் துடைத்தாள். மெதுவாகச் சொன்னாள், "நல்லதுன்னு நினைச்சோம், ஆர்டிஸ்."

"தெரியும். அதான் எரியுது."

அவர்கள் மேசையை மடித்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் ஒருத்தர் விடாமல் கையைப் பார்த்துக்கோ, கனமாக எதையும் தூக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனிப்புத் தட்டைப் படியில் வைத்துவிட்டே போனார்கள்.

கார் கதவைக்கூடச் சாத்தாமல் ஆர்டிஸ் முதல் பையைப் பிடித்து இழுத்தாள். இடது கையால். வாயைக் கிழித்துத் தோட்டத்தில் கொட்டினாள். அடுத்தது. வெர்லின் பக்கத்தில் வந்து, எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள் என்றார்.

"பார்க்கட்டும். கண்ணு எதுக்கு இருக்கு? நீ அந்தப் பக்கத்துப் பையைப் பிடி."

வெர்லின் பிடித்தார். லவோனோடு சேர்ந்து மறைத்தவர் அவரும்தானே. மறுபேச்சுப் பேசாமல் பதினெட்டுப் பை அவரே இழுத்தார். சாயங்காலம் வரை கொட்டினார்கள். தண்டுகளைப் பொறுக்கித் தனியே சாமான் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சருகைக் கிளறக் கிளற ராணிகள் கிடைத்தன. ஒன்று சருகுவாரிப் பல்லில் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒன்று மிதிபட்டிருந்தது. ஏழு கிடைத்தன, அதில் மூன்றுக்குக் கால் அசைந்தது. அந்த மூன்றையும் மரத்தடியில் மண்ணைக் கிளறி வைத்து, சருகை அள்ளி மூடினாள். பிரித்தெடுத்த படுக்கையைத் திரும்ப விரித்தால் தூக்கம் திரும்புமா என்று அவளுக்கும் தெரியவில்லை. வேறு செய்வதற்கும் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை முழங்கால் அளவுக்குப் பனி விழுந்தது. சருகைத் திரும்பக் கொட்டியும் அறுத்துவிட்ட செடிகளின் குருத்தெல்லாம் கருகியது. ஊர் முழுக்கக் கருகியது. தபால் வாங்கப் போன இடத்தில் எல்லாரும் இப்படி ஒரு வசந்தத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். போன வருஷமும் அதைத்தான் சொன்னார்கள். ஆர்டிஸ் தபாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தது.

மே பதினெட்டில் முந்திப் பூக்கிற மரங்கள் இரண்டும் பூத்தன. குளிர் எலும்பைத் தொட்டது. ஆர்டிஸ் புருஷனுடைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியை மரத்தடியில் போட்டு ஆறு நாள் உட்கார்ந்தாள். ஒரே ஒரு ராணி வந்தது. ஒரு கிளையில் வேலை செய்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. அதுவா, வேறொன்றா என்று தெரியாது. வேலி வழியாக லவோன் ஒரு தடவை, எப்படியிருக்கு பூ என்று கேட்டாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு லவோன் அவளிடம் முன்னைவிடப் பணிவாகப் பேசினாள். பேசாமல் இருந்துவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது. பூ நிறைய இருக்கு, வர்றதுக்குத்தான் ஆள் இல்ல என்றாள் ஆர்டிஸ்.

ஜூன் முதல் வாரம் வெயில் வந்தது. பிந்திப் பூக்கிற மூன்றாவது மரம் அப்போதுதான் பூத்தது. வெயிலில் எந்தப் பூச்சிதான் வராது. கிளைக்குக் கிளை மொய்த்தது. செப்டம்பரில் அந்த மரம் கொள்ளாமல் காய்த்தது. மற்ற இரண்டிலும் சேர்த்துப் பதினொரு காய்.

வெர்லின் சொன்னபடி செய்கிற ஆள். அந்த இரண்டும் நிற்கிற இடத்தில் கொட்டகைக்கு நூலைக் கட்டி அளந்தார்.

ஆர்டிஸ் கெஞ்சவில்லை, அவளுக்கு அது வராது. விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"மரத்துல ஒரு குறையும் இல்ல வெர்லின். குளிர்ல பறக்கறதைக் கொன்னுட்டுக் குளிர்ல பூக்கறதைக் குத்தம் சொல்றோம். இன்னொண்ணும் கேட்டுக்கோ. ஆப்பிள் ஒத்தையா நின்னா காய்க்காது. பக்கத்துல வேற ஜாதி ஆப்பிள் பூத்தாத்தான் பிடிக்கும். இதோட முதல் பூவும் அதுகளோட கடைசிப் பூவும் ரெண்டு நாள் ஒண்ணா நின்னுச்சு. ஜூன்ல மொய்ச்சுதே, அந்த ரெண்டு நாள் புண்ணியத்துலதான் இவ்வளவும். அது ரெண்டையும் வெட்டினா இதுவும் மலடாப் போயிரும்."

வெர்லின் நூலைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார்.

அக்டோபரில் இரண்டையும் வெட்டினார். படகு இப்போது கூரைக்குக் கீழே இருக்கிறது. ஆர்டிஸ் அந்தக் கொட்டகைக்குள் இதுவரை கால் வைக்கவில்லை. வெர்லினுக்குச் சமைத்துப் போடுகிறாள், பேசுகிறாள், அந்தச் செப்டம்பர் ஆப்பிளில் வைத்த மசியலையே தினமும் கிண்ணத்தில் வைக்கிறாள். ஜாடி தீர்ந்தால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை. வெட்டின இரண்டுக்குப் பதிலாக அவள் இரண்டு கன்று நட்டிருக்கிறாள், கொட்டகைக்கு வெளியே, படகு திரும்புகிற வழியில். வேண்டுமென்றேதான். அதுகள் பூக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை ஒற்றை மரம் ஒவ்வொரு ஜூனிலும் வீணாகப் பூக்கும். பக்கத்தில் வேறு ஆப்பிள் இல்லை. தேனீ பறந்து போய் வருகிற தூரத்தில் ஊரில் யாரும் வைக்கவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் ஆப்பிள் இருந்தால், கசப்புக் காய் காய்க்கிற அலங்கார மரமாக இருந்தாலும் பரவாயில்லை, ஜூன் முதல் வாரத்தில் பூவோடு ஒரு கிளை வெட்டி வாளித் தண்ணீரில் நிறுத்தி எடுத்துக்கொண்டு போய் ஆர்டிஸைப் பாருங்கள். நோர்லண்டில் தேவாலயத்தைத் தாண்டி நாலாவது வீடு, தோட்டத்தில் சருகு கிடக்கும், தவறவிடவே முடியாது. வாளியை மரத்தடியில் வையுங்கள், இதன் பூந்தூளைத் தேனீ அந்த ஒற்றை மரத்துக்குக் கொண்டுபோகும். நிழலாகப் பார்த்து வையுங்கள், பூ வாடாது. அவள் காபி தருவாள், திட்டவும் திட்டுவாள். மூன்று நாலு நாளில் வாளிப் பூ உதிர்ந்தால், மரத்தில் பூ இருக்கிறவரை இன்னொரு கிளையோடு திரும்பப் போங்கள்.